இரண்டு ஆறுகள் கூடும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி: நிதானமாக ஒரு நாளில் பார்க்க முழுமையான வழிகாட்டி

வாஷிங்டன் நகரத்திலிருந்து வடமேற்கே அறுபது மைலுக்குச் சற்று அதிகம். காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வர்ஜீனியாவின் கிழக்குக் கோடியில், பொட்டோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடும் முனையில், மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்ன ஊர் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. 1944இல் தேசிய நினைவுச்சின்னமாகவும், 1963இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம்.

முதல் தடவை போனபோது நாங்கள் நேராக எதிர்மலையில் ஏறி, மேலிருந்து படம் எடுத்து, இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டோம். படம் நன்றாகவே வந்தது. ஆனால் அதில் தெரிகிற செங்கல் கொட்டகை எது, ஆற்றின் நடுவே எதையும் தாங்காமல் நிற்கிற கல்தூண்கள் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டபோது பதில் தெரியவில்லை. அடுத்தடுத்த தடவைகளில் ஊரை முதலில் நடந்து பார்த்தோம். அப்புறம் மலையேறினோம். அதே காட்சி, ஆனால் இப்போது ஒவ்வொரு கூரையும் என்னவென்று தெரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான்: முதலில் கூடுதுறை, அப்புறம் ஊர், கடைசியில் மலை.

போகும் முன் மனதில் வைக்க வேண்டியது

இங்கே நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த இரண்டு ஆறுகள்தான். நீலமுகட்டு மலைத்தொடரை ஆறு அறுத்துக்கொண்டு கிழக்கே போகிற இடைவெளி இது. மலையைத் தாண்ட வேண்டியவர்கள் எல்லோருக்கும் இதுதான் வாசல். பென்சில்வேனியாவிலிருந்து வந்த ராபர்ட் ஹார்ப்பர் 1747இல் இங்கே குடியேறி ஓடம் விட்டார். ஃபெர்ரி என்றால் ஓடத்துறை. ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்தது.

ஆறு வேகமாக இறங்குவதால் இயந்திரம் ஓட்டத் தண்ணீர்விசை கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் ஜார்ஜ் வாஷிங்டன் அரசின் ஆயுதத் தொழிற்சாலைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1799இல் கட்டத் தொடங்கி, 1801 முதல் 1861 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இங்கே செய்யப்பட்டன. ஆயுதம் இருந்ததால், அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன் வந்தார். வாசல் என்பதால் கால்வாயும் ரயிலும் வந்தன. இவை எல்லாம் இருந்ததால், வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் இங்கே வந்தது. சுற்றிலும் மலை, நடுவே பள்ளம் என்பதால் எந்தப் படையாலும் ஊரைக் காப்பாற்றி வைக்க முடியவில்லை. கடைசியில் மிச்சம் இருந்ததை வெள்ளம் கொண்டுபோனது. இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு நிறுத்தமும் மற்றதோடு பேசும்.

எப்போது போவது

அக்டோபர் பிற்பாதியில் இலைகள் நிறம் மாறும்போது கூட்டம் அலைமோதும். அந்த வார இறுதிகளில் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வார நாளாகப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தில் புழுக்கம் அதிகம், மலையேறுவது கஷ்டம். ஏப்ரல், மே நல்ல காலம்.

எனக்குப் பிடித்தது நவம்பர் கடைசி. இலை உதிர்ந்த மரங்களுக்கு ஊடாக மலையின் எலும்பே தெரியும். எந்த மலை எதை மறைக்கிறது, பீரங்கியை எங்கே வைத்தால் ஊர் அகப்படும் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குப் புரியும். பனியோ உறைபனியோ இருந்தால் மட்டும் கல்படிகள் பக்கம் போகாதீர்கள், வழுக்கும்.

பார்வையாளர் மையம் காலை 9 முதல் மாலை 5 வரை. நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய மூன்று நாட்களும் மூடியிருக்கும்.

வண்டியை எங்கே நிறுத்துவது

இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வழிகாட்டும் செயலியில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் அது உங்களைக் குறுகலான கீழூர்த் தெருக்களுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே நிறுத்த இடம் மிகக் குறைவு. திருப்பவும் முடியாமல் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். 'ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி பார்வையாளர் மையம்' என்று போடுங்கள். ஃபிரெடரிக் வழியாக 340ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே வந்தால் ஊரைத் தாண்டி, மேட்டின் மேல் மையம் இருக்கிறது. பெரிய வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, காகித வரைபடம் எல்லாம் அங்கே உண்டு.

கட்டணம் நான் போனபோது ஒரு காருக்கு 20 டாலர், நடந்து வருபவருக்கு 10 டாலர். ஒரு தடவை கட்டினால் ஏழு நாள் செல்லும். தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சீட்டு வைத்திருந்தால் அதையே காட்டலாம். கட்டணம் மாறக்கூடியது என்பதால் கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மையத்திலிருந்து கீழூருக்கு இலவசப் பேருந்து உண்டு. இறங்கும்போதே ஓட்டுநரிடம் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு, கைப்பேசியில் அலாரம் வைத்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் மேட்டில் நடந்துதான் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க மலையேறிய காலுக்கு அது பெரிய தண்டனை.

ரயிலில் வரலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊருக்குள்ளேயே அழகான மரக்கட்டட ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் மார்க் ரயில் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. வார நாட்களில் காலையில் இங்கிருந்து வாஷிங்டனுக்கு, மாலையில் அங்கிருந்து இங்கே. வாஷிங்டனிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்ப அது உதவாது. இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் ரயிலை யோசியுங்கள்.

செருப்பு வேண்டாம். ஊருக்குள் மட்டும் நடப்பதாக இருந்தாலும் பிடிப்புள்ள காலணி போடுங்கள்.

முதல் நிறுத்தம்: முனை

பேருந்திலிருந்து இறங்கியதும் கடைகள், அருங்காட்சியகங்கள் எல்லாம் கண்ணை இழுக்கும். எதிலும் நுழையாமல் நேராகக் கிழக்கே, நிலம் முடிகிற இடம் வரை நடந்து போங்கள். அதற்கு முனை என்றே பெயர்.

கிழக்கு முகமாக நில்லுங்கள். இடக்கைப் பக்கம் வருவது பொட்டோமாக். வலக்கைப் பக்கம் ஷெனண்டோவா. இடப்பக்கம் செங்குத்தாக நிற்கும் பாறை மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறது, அதன் பெயர் மேரிலாந்து ஹைட்ஸ். வலப்பக்கம் லவுடன் ஹைட்ஸ், அதன் முகட்டோடு வர்ஜீனியா எல்லை போகிறது. நீங்கள் நிற்பது மேற்கு வர்ஜீனியா, அதுவும் அந்த மலை மாநிலத்திலேயே மிகத் தாழ்வான இடம். ஷெனண்டோவா தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற ஆறு. அதனால் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் 'மேலே போகிறேன்' என்றால் தெற்கே போகிறார்கள் என்று பொருள்.

ஷெனண்டோவாப் பக்கம் மட்டும் மழை பெய்த மறுநாள் நான் அங்கே நின்றிருக்கிறேன். ஒன்று பாசி நிறம், இன்னொன்று பால் ஊற்றிய தேநீர் நிறம். இரண்டும் சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. பவானிக் கூடுதுறையைப் பார்த்து வளர்ந்த என் அப்பா இரண்டு நிறமும் பிரியும் அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே நின்று இரண்டு பொருட்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, ஆற்றுக்குள் நிற்கும் மொட்டைக் கல்தூண்கள். 1936 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பாலங்களின் கால்கள் அவை. இரண்டு, எதிரே மேரிலாந்து ஹைட்ஸ் பாறையின் முகத்தில் மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரயிலில் போகிறவர்கள் படிப்பதற்காக எழுதிய முகப்பவுடர் விளம்பரத்தின் மிச்சம்.

ஜான் பிரவுன் கோட்டை

முனையிலிருந்து திரும்பினால் சில அடிகளில் ஒரு சின்னச் செங்கல் கட்டடம். மூன்று பெரிய வளைவு வாசல்கள், மேலே ஒரு மணிக்கூண்டு. கோட்டை என்று பெயர்தான். 1848இல் ஆயுதத் தொழிற்சாலையின் தீயணைப்பு வண்டியும் காவலாளும் இருப்பதற்காகக் கட்டிய கொட்டகை. இங்கே அவசரப்படாதீர்கள். இந்த ஊரின் இதயம் இது.

ஜான் பிரவுன் ஒரு வெள்ளைக்காரர். அடிமை முறையை ஆயுதத்தால்தான் ஒழிக்க முடியும் என்று நம்பியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேரிலாந்தில் கென்னடி பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து, 21 பேரைத் திரட்டினார். அதில் ஐந்து பேர் கறுப்பர்கள். தொழிற்சாலையின் துப்பாக்கிகளைக் கைப்பற்றி, அடிமைப்பட்டவர்கள் கையில் கொடுத்து, மலைகளில் தளம் அமைப்பது திட்டம். 1859 அக்டோபர் 16, ஞாயிறு இரவு பாலத்தைக் கடந்து ஊருக்குள் வந்தார்கள்.

அவர்களுடைய துப்பாக்கிக்கு முதலில் பலியானவர் ஹேவர்ட் ஷெப்பர்ட். ரயில் நிலையத்தில் மூட்டை கையாண்ட கறுப்பர், அடிமை அல்லாத சுதந்திரமான மனிதர். யாரை விடுவிக்க வந்தார்களோ அவர்களில் ஒருவரே முதலில் விழுந்தார். இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம்.

பிரவுன் கிழக்கே போகும் ரயிலை நிறுத்திவைத்து, பிறகு போகவிட்டார். அந்த ரயிலிலிருந்தே தந்தி வழியாகச் செய்தி வெளியே போனது. மறுநாள் ஊர்க்காரர்களும் படையினரும் சூழ்ந்துகொள்ள, மிஞ்சியவர்கள் பிணைக்கைதிகளோடு இந்தக் கொட்டகைக்குள் அடைந்தார்கள். 18ஆம் தேதி காலை, பின்னாளில் தெற்குப் படைத் தளபதியான ராபர்ட் ஈ. லீ தலைமையில் வந்த மரைன் வீரர்கள் ஓர் ஏணியை மோதி கதவை உடைத்துப் பிரவுனைப் பிடித்தார்கள். அருகிலுள்ள சார்ல்ஸ் டவுனில் வழக்கு நடந்து, டிசம்பர் 2 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். மொத்தம் 22 பேரில் பத்துப் பேர் சண்டையில் இறந்தார்கள், ஏழு பேர் தூக்கில், ஐந்து பேர் தப்பினார்கள். பதினாறு மாதத்தில் உள்நாட்டுப் போர் தொடங்கியது.

அவர்களில் டேஞ்சர்ஃபீல்ட் நியூபி என்று ஒருவர். அவர் விடுதலை பெற்றவர். மனைவி ஹாரியட்டும் குழந்தைகளும் வர்ஜீனியாவில் இன்னும் அடிமைகள். தாக்குதலில் வந்தவர்களில் முதலில் இறந்தவர் அவர்தான். மனைவி எழுதிய கடிதங்கள் அவர் உடலில் இருந்து எடுக்கப்பட்டன. தன்னை வேறு யாருக்காவது விற்றுவிடுவதற்கு முன் வந்து வாங்கிவிடும்படி அவள் அதில் கெஞ்சியிருந்தாள். மனைவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. கொட்டகைக்குள் நின்று இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் பேசவே இல்லை.

கட்டடமும் நிறையப் பயணம் செய்திருக்கிறது. 1891இல் பிரித்தெடுத்து, சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். 1895இல் திரும்பி வந்து ஊருக்கு வெளியே மர்ஃபி பண்ணையில் நின்றது. 1909இல் ஸ்டோரர் கல்லூரி வளாகத்துக்குப் போனது. 1968இல்தான் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. முதலில் இருந்த இடத்தின் மேல் ரயில் பாதைக்கான மண்மேடு வந்துவிட்டதால் அங்கே வைக்க முடியவில்லை. அந்த மேட்டின் மேல் ஒரு சிறிய கூர்தூண் நிற்கிறது பாருங்கள், உண்மையான இடம் அது. ஏறிப் போய்ப் பார்க்கத் தவறாதீர்கள். பெரும்பாலோர் கீழேயே படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஷெனண்டோவா தெருவும் வெள்ளக் குறிகளும்

கோட்டைக்குப் பக்கத்திலேயே தொடங்கும் இந்தத் தெருவில் பழைய கடைகள், பட்டறைகளை அருங்காட்சியகங்களாக வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்குள்ளும் போக வேண்டியதில்லை. ஆயுதம் செய்த இயந்திரங்கள் உள்ளதையும், ஜான் பிரவுன் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ஜான் ஹால் என்பவர் ஷெனண்டோவாக் கரையில் வைத்திருந்த பட்டறையில், எந்தத் துப்பாக்கியின் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம் என்கிற அளவுக்குத் துல்லியமாகச் செய்து காட்டினார். நடந்தது 1820களில். அதுவரை ஒவ்வொரு துப்பாக்கியும் கையால் தேய்த்துப் பொருத்தியது. ஒன்றின் திருகு இன்னொன்றில் சேராது. இன்று கார் முதல் கைப்பேசி வரை உதிரிபாகம் வாங்கி மாட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இந்த ஆற்றங்கரையில் இருக்கிறது.

மெரிவெதர் லூயிஸும் 1803இல் இங்கேதான் வந்தார், மேற்கை ஆராயப் போகும் பயணத்துக்குத் துப்பாக்கி வாங்க. மடக்கி எடுத்துப் போகக்கூடிய இரும்புப் படகுச் சட்டம் ஒன்றைச் செய்யச் சொல்லி, ஒரு வாரம் என்று வந்தவர் ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டார்.

தெருவில் ஒரு கட்டடச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டு போட்டுக் குறித்திருக்கிறார்கள். சுவரோடு ஒட்டி நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியில் 1936, அந்த ஆண்டு ஆறு 36.5 அடி ஏறியது. அதற்குக் கீழே 1889, 1942, 1972, 1985 என்று வரிசை. 1996இல் ஜனவரியில் ஒரு தடவை, செப்டம்பரில் மறுபடியும். கதவு, ஜன்னல், மாடி என்று கண் ஏறும்போது, இந்த ஊரில் ஏன் இப்போது குடியிருப்பவர்கள் எல்லாம் மேட்டில் இருக்கிறார்கள் என்பது தானாகப் புரிந்துவிடும்.

கால் வலிக்காதவர்கள் இதே தெருவில் இன்னும் மேற்கே போனால் வர்ஜினியஸ் தீவு. ஒரு காலத்தில் ஆலைகளும் வீடுகளும் நிறைந்திருந்த இடம், 1870 வெள்ளம் சிதைத்தது. இப்போது மரங்களுக்கு நடுவே அடித்தளங்களும் தண்ணீர் ஓடிய கல்வாய்களும் மட்டும். கூட்டமே இருக்காது. கல்வாய்களின் வளைவில் கைவைத்துப் பாருங்கள், சாந்து இன்னும் உறுதியாக இருக்கிறது.

கல்படி ஏறி ஜெஃபர்சன் பாறை வரை

ஹை தெருவில் கொஞ்சம் மேலே ஒரு படிவரிசை பிரியும். மலைப்பாறையையே செதுக்கிய படிகள். நடுப்பகுதி தேய்ந்து கிண்ணம் போலக் குழிந்திருக்கும். மழை பெய்தால் அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும். ஓரமாக, கைப்பிடித்து ஏறுங்கள். தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் இந்த வழி ஒத்துவராது. முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கீழேயே நிழலில் உட்காரவைத்துவிட்டு ஒருவர் துணைக்கு இருப்பது நல்லது.

படியின் மேல் தென்படுவது ஹார்ப்பர் வீடு, கீழூரில் மிஞ்சியிருக்கும் கட்டடங்களிலேயே பழையது. அடுத்து 1833இல் தொடங்கிய புனித பீட்டர் தேவாலயம். போர்க்காலத்தில் இரண்டு பக்கமும் குண்டு போடாமல் இருக்க, அதன் பாதிரியார் பிரிட்டன் கொடியை ஏற்றிவைத்தார் என்று சொல்வார்கள். எப்படியோ, அது தப்பித்தது. சற்று மேலே, கூரையில்லாமல் வெறும் சுவராக நிற்கும் புனித ஜான் தேவாலயத்தைப் பார்த்தால் தப்பித்ததன் அருமை தெரியும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஜெஃபர்சன் பாறை. ஒன்றன் மேல் ஒன்றாகப் பலகைக் கற்கள். தாமஸ் ஜெஃபர்சன் 1783 அக்டோபர் 25 அன்று இங்கே நின்று பார்த்தார். இந்தக் காட்சிக்காகவே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வரலாம் என்று எழுதியவர் அவர். மேல்கல் ஆட்டம் கண்டதால் 1850களின் கடைசியில் நான்கு கல்தூண்களை முட்டுக்கொடுத்தார்கள். பாறை மேல் ஏற அனுமதி இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தாலே, ஷெனண்டோவா கற்களுக்கு மேல் நுரைத்துக்கொண்டு போய்ப் பொட்டோமாக்கோடு சேருவதும், இரண்டும் ஒன்றாக மலை இடைவெளிக்குள் நுழைவதும் தெரியும்.

வழியில் மரத்திலும் கம்பத்திலும் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாகப் போகும் அப்பலாச்சியன் நடைபாதையின் அடையாளம் அது. கிட்டத்தட்ட 2,190 மைல். அதைப் பராமரிக்கும் அமைப்பின் தலைமையகம் இந்த ஊரில்தான். நெடுந்தூரம் நடப்பவர்கள் இந்த ஊரை மனதளவில் பாதி வழி என்று சொல்வார்கள். கோடையில் பெரிய மூட்டையோடு தாடியும் தூசியுமாக யாராவது எதிரே வந்தால் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்.

சாப்பாடு

ஹை தெருவிலும் பொட்டோமாக் தெருவிலும் சிறிய உணவகங்கள், ஐஸ்கிரீம் கடைகள் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குத் தேர்வு குறைவு. நாங்கள் கட்டுச்சோறு கொண்டுபோய்விடுவோம். மலையேறுவதற்கு முன் இங்கே சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பி, கழிப்பறைக்கும் போய்விடுங்கள். மேலே எதுவும் கிடையாது.

பாலம் கடந்து மேரிலாந்து ஹைட்ஸ்

முனைக்குத் திரும்பி வந்து, பொட்டோமாக் மேல் ரயில் பாலத்தை ஒட்டிப் போகும் நடைபாலத்தில் ஏறுங்கள். சரக்கு ரயில் வரும் நேரத்தில் பாலத்தில் இருக்க நேர்ந்தால் அப்படியே நின்றுவிடுங்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது நீங்கள் பிடித்திருக்கும் கைப்பிடி அதிர்வது உள்ளங்கை வழியாகத் தோள் வரை ஏறும். ரயில் நேராக எதிர்மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து மறையும்.

பாலம் இறங்கும் இடம் பழைய கால்வாய்க் கரை. பால்டிமோர் ரயில் பாதையும் இந்தக் கால்வாயும் 1828 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் தொடங்கின. இரண்டுக்கும் மேற்கே போக இந்தக் குறுகல் வழிதான் வேண்டும் என்பதால் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை. கால்வாய் 1833இல் இங்கே வந்து சேர்ந்தது, ரயில் 1834இல். கடைசியில் பிழைத்தது ரயில். அருகில் 33ஆம் எண் மடைக்கட்டின் கற்களைப் பார்க்கலாம்.

கால்வாய்க் கரையில் இறங்கியதும் இடப்பக்கம், அதாவது ஆறு வரும் திசையில் திரும்புங்கள். வலப்பக்கம் போனால் அப்பலாச்சியன் பாதை உங்களை எங்கோ கொண்டுபோய்விடும். சிறிது தூரத்தில் சாலையைக் கடந்து மலைப்பாதை தொடங்கும். கீழூரிலிருந்து பாறை முனை வரை போய்த் திரும்ப 4.5 மைல், மூன்று மணி நேரம் வையுங்கள். முதல் பாதி விடாத ஏற்றம். மூச்சு வாங்கினால் நின்று போங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். உடற்பயிற்சியே இல்லாதவர்கள் நிதானமாக முயலலாம். மலையுச்சியில் உள்ள கல்கோட்டையையும் சுற்றி வருவதானால் 6.5 மைல். போர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

பாதையில் பாதி தூரத்தில் பீரங்கி மேடைகளின் மண்வரப்புகள் இருக்கின்றன. 1862 செப்டம்பரில் ஸ்டோன்வால் ஜாக்சன் தலைமையில் வந்த தெற்குப் படைகள் மூன்று பக்கத்து உயரங்களையும் பிடித்துப் பீரங்கிகளை நிறுத்தின. கீழே சிக்கிய வடக்கின் கூட்டாட்சிப் படையினர் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். 15ஆம் தேதி சரணடைந்தார்கள். அந்தப் போரில் கூட்டாட்சிப் படையின் மிகப் பெரிய சரணாகதி இதுவே. போர் முடிவதற்குள் ஊர் எட்டுத் தடவை கைமாறியது.

பாறை முனைக்கு வந்ததும் அதன் விளிம்புக்குப் போகாதீர்கள். தடுப்பு கிடையாது, கீழே செங்குத்து. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். இப்போது ஊரைப் பாருங்கள். முனை, கொட்டகை, மண்மேட்டில் கூர்தூண், ஷெனண்டோவா தெரு, கல்படி ஏறும் சரிவு, தேவாலயக் கோபுரம், மொட்டைத் தூண்கள். காலையிலிருந்து நடந்த பாதை முழுவதும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஜாக்சனின் ஆட்கள் பார்த்ததும் இதைத்தான்.

படத்துக்கு வெளிச்சம் காலையில்தான் நன்றாக இருக்கும். பிற்பகலில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். படமே முக்கியம் என்பவர்கள் விடிந்ததும் மலையில் ஏறிவிட்டு அப்புறம் ஊருக்கு வரலாம். என் வரிசையை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். எப்படிப் போனாலும் இருட்டுவதற்கு முன் பாலத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

மலையேற முடியாதவர்களுக்கு

அப்பா, அம்மாவோடு போனால் மலைக்குப் பதிலாக மேட்டு ஊரில் உள்ள ஸ்டோரர் கல்லூரி வளாகத்துக்குப் போங்கள். விடுதலையான அடிமைகளுக்குக் கல்வி கொடுக்க 1867இல் தொடங்கி, 1955 வரை நடந்த கல்லூரி. 1906 ஆகஸ்டில் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் உள்ளிட்ட நயாகரா இயக்கத்தினர் இங்கே கூடி, கறுப்பர்களுக்கு முழுக் குடியுரிமை கேட்டார்கள். ஒரு நாள் விடியற்காலையில் அவர்கள் வரிசையாக நடந்து, அப்போது மர்ஃபி பண்ணையில் இருந்த அந்தச் செங்கல் கொட்டகைக்குப் போனார்கள். நெருங்கியதும் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். கோயிலுக்குள் போகும்போது நாம் செய்வதை அவர்கள் அங்கே செய்தார்கள். பார்வையாளர் மையத்திலிருந்து ஒரு நடைபாதை அந்தப் பண்ணைக்குப் போகிறது. கொட்டகை நின்ற அடித்தளம் இன்னும் இருக்கிறது.

பீரங்கிகள் நிற்கும் பொலிவர் ஹைட்ஸ் வரை காரிலேயே போகலாம். அங்கிருந்தும் மலை இடைவெளி நன்றாகத் தெரியும்.

சில கட்டாய எச்சரிக்கைகள்

ஆற்றில் இறங்காதீர்கள். முனையில் தண்ணீர் முழங்கால் அளவு போலத் தெரியும். அடியில் பாறை இடுக்குகளும் இரண்டு ஆறுகளின் இழுப்பும் இருக்கின்றன. நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது. ரயில் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். டிரோன் பறக்கவிட தேசியப் பூங்காக்களில் தடை. பழைய ஆணி, கண்ணாடித்துண்டு, எதைக் கண்டாலும் எடுத்துவரக் கூடாது; அது சட்டப்படி குற்றம். கோடையில் புல் பக்கம் நடந்தால் வீடு திரும்பியதும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளம்பும்போது

வாஷிங்டன் பக்கம் திரும்புகிறவர்கள் 340ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே வருவீர்கள். முதலில் ஷெனண்டோவாவின் மேல் ஒரு பாலம், அதைத் தாண்டிச் சற்றுப் போனால் வர்ஜீனியா. சில நிமிடத்தில் பொட்டோமாக்கின் மேல் இன்னொரு பாலம், தாண்டினால் மேரிலாந்து. வண்டி ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். மற்றவர்கள் அந்த இரண்டாவது பாலத்தில் இடப்பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். மாலை வெயிலில், மலை இடைவெளிக்குள், காலையில் நீங்கள் நின்ற முனை தெரியும்.